சந்தனமாரியின் சம்மதம்

செத்துப்போன சந்தனமாரி நல்ல தெம்பாகத்தான் பேசினாள்.

"எனக்கு ஒரு குறையும் இல்லக்கா. கம்பெனி நல்லாத்தான் பாத்துக்கிடுது."

மேசை மேலிருந்த சின்ன ஒலிபெருக்கியிலிருந்து குரல் வந்தது. லேசாகச் சளி கட்டின அதே குரல். குளிரில் நின்று நின்று அவளுக்கு அப்படி ஆகியிருந்தது. ஜெபக்கனி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாசி மாதத்தில் சந்தனமாரியைக் கடைசியாகக் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்டவர்களில் அவளும் ஒருத்தி. இப்போது ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, இவளோ குறையில்லை என்கிறாள்.

"தண்ணி குடிக்கியாட்டி?"

"குடிக்கேன்க்கா. சுத்தமான குடிதண்ணி எப்பமும் வச்சிருக்காங்க."

"பாத்ரூமுக்கு விடுதாங்களா?"

"எப்ப வேணும்னாலும் போகலாம். யாரும் தடுக்க மாட்டாங்க."

"சாயங்கால பிரேக்க எடுத்துட்டா ஒனக்குப் பரவால்லயா?"

"கம்பெனி வளர்ச்சிதான் எங்க வளர்ச்சி. எனக்குச் சம்மதம்."

ஜெபக்கனிக்கு அழுகைதான் முதலில் வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது சிரிப்பாக வெளியே வந்தது, அதுவும் நல்ல சிரிப்பில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சுகிர்தா பயந்துபோய் ஒலிபெருக்கியை அணைத்தாள்.

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களைத் தாண்டி நிற்கிறது நீலவாணி சீஃபுட்ஸ். உள்ளே நானூறு பெண்கள் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரிக்கிறார்கள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்துப் போட வேண்டும். பாத்ரூம் போவதென்றால் ஏப்ரனைக் கழற்றி, கையுறையைக் கழற்றி, கம்பூட்ஸைக் கழற்றி, திரும்பி வரும்போது எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, குளோரின் தண்ணீரில் கையும் காலும் முக்கி வர வேண்டும். அதற்குள் சூப்பர்வைசர் அமலதாஸின் முகம் எப்படியெல்லாமோ போய்விடும். இவ்வளவு பாட்டுக்கு யார் போவார்கள்? காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டால் தொல்லையில்லை என்று அந்தப் பெண்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அதில் சந்தனமாரியை அடித்துக்கொள்ள ஆளில்லை. "நான் ஒட்டகம்லாக்கா" என்று பெருமையாகச் சொல்லுவாள். அவளுடைய சிறுநீரகம் இரண்டும் சீழ் பிடித்துப் போயிருந்ததை அரசு ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில்தான் கண்டுபிடித்தார்கள். 'கம்பெனிக்கு வெளியே செத்தவளுக்கு நாங்கள் என்ன செய்ய?' என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் ஜெபக்கனியும் நினைத்திருந்தாள்.

அன்றைக்குக் காலையில்தான் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தார்கள். அடுத்த மாதம் முதல் சாயங்கால இடைவேளை கிடையாது. 'தொழிலாளர்களின் பெரும்பான்மை ஒப்புதலுடன்' என்று கீழே கொட்டை எழுத்தில் இருந்தது. எங்களை யார் கேட்டார்கள் என்று உரிக்கிற கூடம் முழுக்க ஒரே சத்தம். ஜெபக்கனி அங்கே சங்கச் செயலாளர். நேரே அலுவலகக் கட்டடத்துக்குப் போய், கேட்டவர்கள் யாரென்று விசாரித்தாள். சுகிர்தாவைக் காட்டினார்கள். அவள் வைத்திருந்த ஒப்புதல் பட்டியலில் சந்தனமாரியின் பெயரும் இருந்தது; இதெப்படி என்று கேட்டதற்கு அந்தக் குரலைப் போட்டுக் காட்டினாள்.

சுகிர்தா சென்னைக்காரி. சமூகவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். சங்கம் உள்ள இடங்களில் தொழிலாளிகள் ஒருவர் பேச்சில் ஒருவர் தைரியம் பெற்று நோய்நொடி குறைவாக இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்து நிரூபித்தவள். அப்படிப்பட்டவளைத்தான் கம்பெனி கூட்டிவந்து இந்த வேலையில் உட்காரவைத்திருந்தது.

"இதுக்கு நிழல்னு பேரு," என்றாள் சுகிர்தா. "போன வருஷம் உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ரொம்ப நேரம் பேசினேன் இல்லையா? அந்தப் பேச்சை வச்சு ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிழல் செஞ்சோம். என்ன கேட்டாலும் அவங்க என்ன சொல்லுவாங்களோ, அதையே நிழலும் சொல்லும். இப்ப வந்திருக்கிற புது விதிப்படி, நிழல் கொடுக்கிற ஒப்புதல் ஆள் கொடுக்கிற ஒப்புதலுக்குச் சமம்."

"ஆளத்தான் கேட்டா என்ன மேடம்? இங்கனதான நிக்கோம்."

"நேர்ல கேட்டா எல்லாரும் பயப்படுவாங்க. வேலை போயிடுமோன்னு மனசுல இருக்கிறதைச் சொல்ல மாட்டாங்க. நிழலுக்குப் பயம் கிடையாது, உண்மையைச் சொல்லும்னுதான் நான் நம்பினேன்."

அவள் நிஜமாகவே நம்பியிருந்தாள். அது முகத்தில் தெரிந்தது. அதனால்தான் ஜெபக்கனிக்கு அவள் மேல் கத்த மனம் வரவில்லை.

"மேடம், நீங்க போட்டுக் காட்டுனது சந்தனமாரி இல்ல. அமலதாசு."

"யாரு?"

"எங்க சூப்பர்வைசர். எறா வாங்குத வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வாரதுக்கு முந்தி எங்கள வரிசையா நிறுத்தி வச்சுப் பாடம் நடத்துவாரு. கோயில்ல ஞானோபதேசம் சொல்லிக் குடுப்பாங்கள்லா, கேள்வியும் பதிலுமா, அத மாதிரி. 'தண்ணீர் உண்டா?' 'சுத்தமான குடிதண்ணி எப்பமும் வச்சிருக்காங்க.' 'பாத்ரூம்?' 'எப்ப வேணும்னாலும் போகலாம்.' ஒரு சொல்லு மாத்திச் சொன்னா மறுநாள் ஐஸ் ஒடைக்கப் போணும். ஒறக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட சொல்லுவோம்."

"ஆனா நான் ஆடிட்டர் இல்லையே அக்கா. ஆரம்பத்துலயே சொன்னேனே. நான் ஆராய்ச்சி பண்றவ, நீங்க சொல்றது எதுவும் வெளியே போகாது, தைரியமா பேசுங்கன்னு."

"ஆடிட்டுக்காரங்களும் அதத்தான மேடம் சொல்லுவாங்க."

"எல்லாருமேவா அப்படிச் சொன்னீங்க?"

"நானுந்தான். கண்ணாடி ரூமு, ஃபேனு, தட்டு நெறைய பிஸ்கட்டு. கழுத்துல அட்டை போட்ட ஒரு பொம்பள சிரிச்ச முகமா ஒக்காந்திருக்கு. வேற என்னன்னு நெனைப்போம்?" ஜெபக்கனி பெருமூச்சு விட்டாள். "எங்களுக்கும் அறிவில்ல. சொல்லுதது பொய்யின்னு எங்களுக்குத் தெரியும், சொல்லிக் குடுத்தவருக்கும் தெரியும். கேட்டுக்கிட்டிருந்த மெஷினுக்குத்தான் தெரியாமப் போச்சு."

மெஷினோடு நின்றதா? அதுதான் இல்லை. பொய்யைச் சொல்லிக் கொடுத்த கம்பெனியே அந்தப் பொய் திரும்பி வந்தபோது கண்ணில் ஒற்றிக்கொண்டது. நம் தொழிலாளர்களுக்குத்தான் எவ்வளவு திருப்தி என்று மேலாளர்கள் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவர்களுக்கு எதற்கு இரண்டு இடைவேளை என்று யாருக்கோ தோன்றியது. நிழல்களைக் கேட்டார்கள். அவையும் தலையாட்டின.

"சரி, நாங்க உசுரோட இருக்கோம், எங்க பாட்ட நாங்க பாத்துக்கிடுவோம்," என்றாள் ஜெபக்கனி. "சந்தனமாரிய அதுல இருந்து எடுத்துருங்க மேடம். செத்தவளக் கொண்டு சம்மதம் சொல்ல வைக்கது பாவம்."

"நானும் எடுக்கச் சொல்லி எழுதினேன். முடியாதுன்னுட்டாங்க." சுகிர்தா குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனி கணக்குல அவங்க இறக்கவே இல்லை. நீண்ட விடுப்புன்னு போட்டிருக்காங்க. இறந்துட்டாங்கன்னு எழுதினா எப்படி இறந்தாங்கன்னு தொழிலாளர் துறை கேட்கும். அதுக்குத்தான் எழுத மாட்டேங்கிறாங்க."

ஜெபக்கனிக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி ஆனது. சந்தனமாரியின் வீட்டுக்காரன் மகளைக் கூட்டிக்கொண்டு எத்தனை முறை கம்பெனி வாசலில் வந்து நின்றான்! விசாரிக்கிறோம், போய் வா என்றே அனுப்பினார்கள். இடைவேளை போவதும் பெரிய அநியாயம்தான். ஆனால் ஒருத்தி செத்ததையே இல்லையென்று சொல்ல இவர்களுக்கு எப்படி நாக்கு வந்தது? சந்தனமாரி செத்தாள், இவர்களுடைய கூடத்தில் நின்று நின்றுதான் செத்தாள் என்று இந்தக் கம்பெனி தன் வாயால் சொல்லாமல் விடுவதில்லை என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்துகொண்டாள்.

"இதுக்கு வழியே இல்லயா மேடம்?"

"நிழலைத் திருத்தலாம். ஆளே வந்து மறுபடி பேட்டி கொடுத்தா மாத்தணும்னு விதியிலயே இருக்கு. ஆனா நிறைய பேர் வரணும். இன்னொண்ணு..." சுகிர்தா கணினியில் ஒரு படத்தைத் திறந்தாள். சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசை வரிசையாக நின்றன. "நிழல்கள் தனித்தனியா இல்லை. கூடத்துல யாருக்குப் பக்கத்துல யார் நிப்பாங்களோ, இதுலயும் அப்படியே நிறுத்தியிருக்கோம். பக்கத்துல இருக்கிறவங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு நிழலும் மாறும். மனுஷங்க அப்படித்தானே. என் ஆராய்ச்சியே அதுதான்."

"சந்தனமாரிக்குப் பக்கத்துல யாரு நிக்கா?"

"நீங்கதான்."

கம்பெனி வேன் சாயங்காலம் புறப்பட்டதும் டிரைவர் இசக்கி பாட்டைச் சத்தமாக வைத்தார். உள்ளே பேசுவது எதுவும் தன் காதில் விழவில்லை என்று நாளைக்குச் சத்தியம் செய்ய அவருக்கு அது போதும்.

ஜெபக்கனி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். கொதித்துப்போனார்கள். ஆனால் மறுபடி அந்தக் கண்ணாடி அறைக்குப் போய் உண்மையைப் பேச வேண்டும் என்றதும் வேனில் சத்தம் அடங்கிவிட்டது. "அமலதாசு வெளிய நின்னு பாப்பாரேக்கா" என்றாள் ஒருத்தி. "பாக்கட்டும். வாயசைக்கது தெரியும், சத்தம் கேக்காது" என்றாள் ஜெபக்கனி. பிறகு, "ஒத்திகை பாப்போம். ராஜக்கிளி, நீ சொல்லு. பாத்ரூமுக்கு விடுதாங்களா?" என்றாள்.

"எப்ப வேணும்னாலும் போகலாம். யாரும்—"

வேனே சிரித்தது. ராஜக்கிளி வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி கேட்டபோதும் அதே பதில்தான் வந்தது. மூன்றாவது முறை அவளுக்கே கோபம் வந்துவிட்டது.

"வாய் தானாப் போவுது, நான் என்னளா செய்ய? நெசத்த எங்க சொல்லிப் பழகியிருக்கோம்?" என்று கத்தினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் துணி மடிச்சு வச்சுக்கிட்டுத்தான் நிக்கேன். அடக்க முடியலன்னா நின்ன எடத்துலயே போயிருவேன். தரை ஈரம்தான, யாருக்குத் தெரியும்?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. ராஜக்கிளிக்குப் பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நானுந்தான்" என்றாள். பின்னிருக்கையிலிருந்து இன்னொருத்தி சொன்னாள். அப்புறம் வேன் முழுக்க ஆளாளுக்குச் சொன்னார்கள். கல்யாணமாகி வருஷக்கணக்காகப் பிள்ளை தங்காதவள், நீர்க்கடுப்புக்கு மாத்திரையைக் கடலைமிட்டாய் போல வாங்கித் தின்கிறவள், எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. இத்தனை வருஷம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றவர்கள், ஆடிட்டருக்குச் சொன்ன பொய்யையே ஒருத்தருக்கொருத்தரும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஜெபக்கனிக்கு வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு வெட்கத்தை விட்டுவிட்டாள்.

இறங்குகிற இடத்தில் இசக்கி பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நாளைக்கி யாரு மொத போறிய?"

ஜெபக்கனிதான் முதலில் போனாள். சுகிர்தா பேட்டி எடுத்தாள். அமலதாஸ் கண்ணாடிக்கு வெளியே கைகட்டி நின்று முறைத்தார். பேசி முடித்து வெளியே வந்தவளை மறுநாள் ஐஸ் உடைக்க அனுப்பினார்கள். அன்றைக்கு ராஜக்கிளி பேட்டிக்குப் போனாள். அவளும் ஐஸ் உடைக்க வந்து சேர்ந்தாள். பிறகு ஒரு வரிசையே போனது. அமலதாஸ் விடாமல் எல்லோரையும் ஐஸ் அறைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். சீக்கிரமே ஐஸ் உடைக்கச் சம்மட்டி போதவில்லை. உரிக்க ஆளில்லாமல் கூடை கூடையாக இறால் நின்றது. மேலாளர் வந்து பார்த்துவிட்டு அமலதாஸை நோக்கிக் கத்திய கத்தலில் எல்லோரும் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். அமலதாஸ் அதன்பிறகு கண்ணாடிக்கு வெளியே நிற்கவில்லை. பிஸ்கட் தட்டையும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

சங்கத்தின் மனுவின் பேரில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கு நானூறு பேரும் மொத்தமாக விடுப்பு சொல்லிவிட்டு, தொழிலாளர் துறை அலுவலக வளாகத்தில் தூறலில் வந்து நின்றார்கள். உள்ளே ஜெபக்கனிக்கு மட்டும் அனுமதி. அதிகாரி சொக்கலிங்கம் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. கோப்பு ஒழுங்காக இருந்தால் போதும் என்கிற ரகம். கம்பெனி சார்பில் வக்கீல் கேசவமூர்த்தியும் மனிதவள மேலாளர் கோபிநாத்தும் வந்திருந்தார்கள்.

"நிழல்களை என் முன்னால கேளுங்க," என்றார் அதிகாரி. "சாயங்கால இடைவேளையை எடுக்கச் சம்மதமா?"

சுகிர்தா விசையைத் தட்டினாள். சுவரிலிருந்த திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. சிவப்பு என்றால் சம்மதமில்லை, பச்சை என்றால் சம்மதம். திருத்தப் பேட்டிக்கு வரப் பயந்தவர்களுடைய புள்ளிகளும், பக்கத்துப் புள்ளிகள் சிவந்தபின் சிவந்தன. கடைசியில் பச்சையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வக்கீல் எழுந்தார். ஆள் கெட்டிக்காரர், அந்த இடத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். "சார், இந்தக் கணக்கெடுப்பே செல்லாது. இதுல இறந்துபோனவங்க நிழலும் கலந்திருக்கு. சந்தனமாரின்னு ஒருத்தங்க. இறந்தவங்க எப்படி வாக்களிக்க முடியும்? மொத்தத்தையும் தள்ளுபடி செய்யணும்."

கோபிநாத் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார். சொல் வாயைவிட்டுப் போய்விட்டிருந்தது.

"அந்த நிழலை நான் கேட்கணும்," என்றார் அதிகாரி.

சுகிர்தா ஜெபக்கனியைப் பார்த்தாள். ஜெபக்கனி தலையசைத்தாள். அதே கேள்விக்கு அந்தச் சளி கட்டின குரல் பதில் சொன்னது.

"வேண்டாம் சார்."

"ஏம்மா? உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"எனக்கு ஒரு குறையும் இல்ல சார். தண்ணியெல்லாம் வச்சிருக்காங்க. ஆனா பக்கத்துல நிக்க ஜெபக்கனி அக்கா வேண்டாங்கா. அவ வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்."

ஜெபக்கனி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தன் வலியைச் சொல்ல அந்த நிழலுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இனிமேல் சொல்லிக் கொடுக்கவும் முடியாது. அப்படியும் அது அவள் பக்கம் நின்றது. உயிரோடு இருந்தபோதும் சந்தனமாரி அப்படித்தான், ஏன் எதற்கு என்று கேட்காமல் கூட நிற்கிறவள்.

"கேட்டீங்களா சார்?" என்றார் வக்கீல். "இறந்தவங்க பேசுறாங்க. இதைப் போய்—"

ஜெபக்கனி எழுந்து நின்றாள்.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கேன். இதே நிழலு சம்மதம்னு சொன்னப்ப கம்பெனி அத எண்ணிக்கையில சேத்துச்சு. அப்ப அவ உசுரோட இருந்தா. வேண்டாம்னு சொன்ன ஒடனே செத்துட்டாளா? ரெண்டுல எதுன்னு வக்கீலய்யா சொல்லட்டும். உசுரோட இருக்கான்னா இப்ப சொன்னதயும் எழுதுங்க. செத்துட்டான்னா, செத்த பொறவு அவகிட்ட வாங்குன சம்மதத்தயெல்லாம் கிழிச்சுப் போடுங்க. அவ எப்ப செத்தா, எதனால செத்தான்னும் சேத்து எழுதுங்க."

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "நீண்ட விடுப்புன்னுல்ல போட்டிருக்கு?" என்று கோபிநாத்தைக் கேட்டார். கோபிநாத் மேசையைப் பார்த்தார். கோப்பு ஒழுங்காக இல்லை என்பது அதிகாரிக்கு உறுத்திவிட்டது. பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"சொல்லுங்க வக்கீல் சார். நான் எழுதியாகணும். உயிரோட இருக்காங்களா, இல்லையா?"

வக்கீல் திரையைப் பார்த்தார். இவள் உயிரோடு இருந்தால் கணக்கெடுப்பு செல்லும், இடைவேளை போகாது. செத்திருந்தால் அதைவிடப் பெரிய சங்கடம், ஆனால் அப்படித்தான் சற்றுமுன் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். கோபிநாத்தோடு குனிந்து ஏதோ கிசுகிசுத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இறந்துட்டாங்க."

அதிகாரி அதை எழுதினார். ஜெபக்கனி அவர் கை நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்காரவில்லை.

"எதனால?"

"அதை... விசாரிச்சுதான் சொல்ல முடியும் சார். நிழல்களை வச்சு ஒரு ஆய்வு—"

"அதெல்லாம் எதுக்குய்யா?" என்றாள் ஜெபக்கனி. "அவகூட நின்னவளுவ எல்லாம் வெளிய மழையில நிக்காளுவ. எல்லாரும் உசுரோடதான் இருக்காளுவ. கூப்பிட்டுக் கேளுங்க."